திரையைத் தொடாமல் ஓடலாம்: ஐந்து பட்டன் ஸ்போர்ட்ஸ் வாட்சைக் கைக்குப் பழக்கும் முழு வழிகாட்டி

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். பெசன்ட் நகரில் கிளம்பி மெரினா கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பும் நீண்ட ஓட்டம். பாதி வழியில் வாட்சைப் பார்க்கிறேன், நேரம் நகரவே இல்லை. முழங்கையிலிருந்து வழிந்த வியர்வை திரையில் சொட்டி, அதுவாகவே ஓட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. சரி, தொடரலாம் என்று தட்டினால் பாட்டு பக்கம் திறக்கிறது. பனியனில் துடைத்தேன், பனியன் அதைவிட ஈரம். நடுரோட்டில் நின்று வாட்சோடு மல்லுக்கட்டிய அந்த இரண்டு நிமிடத்தில்தான் இனி ஓட்டத்துக்குப் பட்டன் வாட்ச் மட்டுமே என்று முடிவு செய்தேன்.

அது எந்தக் கம்பெனி வாட்ச் என்பது முக்கியமில்லை, ஏனென்றால் தொடுதிரை எல்லாவற்றிலும் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். திரைக்கு அடியில் மெல்லிய மின்புலம் இருக்கும். விரல் பட்டால் அது கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் வாட்ச் ‘தொட்டார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், உப்பு கலந்த வியர்வை இன்னும் நன்றாகக் கடத்தும். அதனால் எது விரல், எது வியர்வை என்று வாட்சுக்குக் குழம்பிவிடுகிறது. பட்டனுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அழுத்தினால் அழுத்தியதுதான்.

ஆனால் பட்டன் வாட்ச் வாங்கியவர்களில் பாதிப்பேர் முதல் வாரத்திலேயே தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். ‘எங்கே போனாலும் வேற எங்கேயோ போகுது’ என்பதுதான் வழக்கமான புலம்பல். அவர்களுக்காகத்தான் இது. உதாரணத்துக்கு கார்மின் ஃபோர்ரன்னர் 255 மாடலை எடுத்துக்கொள்கிறேன். 2022-இல் வந்தது, தொடுதிரையே இல்லாமல் ஐந்து பட்டன் மட்டும் கொண்டது. அடுத்த வருடம் வந்த 265-இல் அதே ஐந்து பட்டனோடு தொடுதிரையும் சேர்ந்தது. கார்மினின் ஃபீனிக்ஸ், இன்ஸ்டிங்க்ட் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பட்டன் மேல் எழுதியிருக்கும் பெயர் மாறலாம், இடம் மாறாது.

முதல் படி: இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் இரண்டு

வாட்சை இடக்கையில் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் மேலே லைட், நடுவில் அப், கீழே டவுன். வலப்பக்கம் மேலே ஸ்டார்ட், கீழே பேக்.

இதை ஐந்து பெயராக மனப்பாடம் செய்ய வேண்டாம். இடப்பக்கம் தேடுவதற்கு, வலப்பக்கம் முடிவு எடுப்பதற்கு என்று நினைத்துக்கொண்டால் போதும். இடப்பக்கம் அழுத்தினால் எதுவும் கெட்டுப்போகாது, பட்டியலில் மேலும் கீழும் போவீர்கள், இல்லாவிட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதான். வலப்பக்கம் மேலே இருப்பது ‘ஆமாம்’, கீழே இருப்பது ‘வேண்டாம், திரும்பு’. இந்த ஒரு வரி மனதில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது படி: தட்டுவது வேறு, அழுத்திப் பிடிப்பது வேறு

புலம்பல் வருவதே இங்கேதான். ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு வேலை. சட்டென்று தட்டினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று. லைட்டைத் தட்டினால் விளக்கு. அழுத்திப் பிடித்தால் பூட்டு, பவர் ஆஃப் எல்லாம் உள்ள கன்ட்ரோல் மெனு வட்டமாக வரும். அப் பட்டனைத் தட்டினால் ஒரு பக்கம் மேலே போகும், அழுத்திப் பிடித்தால் செட்டிங்ஸ் மெனு திறக்கும்.

புதிதாக வாங்கியவர்கள் செட்டிங்ஸ் எங்கே என்று எல்லாப் பக்கத்திலும் தேடிவிட்டு, இல்லவே இல்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான். அப் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விடுங்கள், வந்துவிடும். சந்தேகம் வந்தால் எந்தப் பக்கத்திலும் இதைச் செய்து பாருங்கள், பல இடங்களில் அந்தப் பக்கத்துக்கே உரிய மெனு ஒளிந்திருக்கும்.

நாமெல்லாம் கட்டி வளர்ந்த கேசியோ எஃப்-91டபிள்யூ ஞாபகம் இருக்கிறதா? 1989-இல் வந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. அதில் மூன்றே பட்டன். இடப்பக்கம் கீழே இருப்பதை அழுத்த அழுத்த நேரம், அலாரம், ஸ்டாப்வாட்ச், நேரம் மாற்றுவது என்று சுற்றிச் சுற்றி வரும். ஒன்றைத் தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர வழியில்லை, முழுச் சுற்றும் சுற்றித்தான் ஆக வேண்டும். ஐந்து பட்டன் வாட்சில் அந்தத் தொல்லை இல்லை. தாண்டிவிட்டால் எதிர்ப்பட்டன், தொலைந்துவிட்டால் பேக். பேக்கைத் தட்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் மணி காட்டும் முகப்புக்கு வந்துதான் நிற்கும். அதனால் பயப்படாமல் உள்ளே போய்த் துழாவுங்கள்.

மூன்றாவது படி: முகப்பிலிருந்து மூன்று வாசல்

முகப்பில் நின்றுகொண்டு டவுன் தட்டினால் இதயத்துடிப்பு, அடிகள், வானிலை, தூக்கம் என்று சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாக வரும். அது பார்ப்பதற்கான வாசல். ஸ்டார்ட் தட்டினால் ஓட்டம், சைக்கிள், நீச்சல் பட்டியல் வரும், அது செய்வதற்கான வாசல். அப்பை அழுத்திப் பிடித்தால் செட்டிங்ஸ், அதாவது மாற்றுவதற்கான வாசல். எதைத் தேடினாலும் முதலில் ‘இது பார்ப்பதா, செய்வதா, மாற்றுவதா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலாரம் வைக்க வேண்டும் என்றால் விளையாட்டுப் பட்டியலில் போய்த் தேட மாட்டீர்கள்.

நான்காவது படி: வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது

இதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாட்ச் வந்த அன்றே அப்படியே கட்டிக்கொண்டு ஓடப் போகாதீர்கள். பட்டன் வாட்சில் ஒவ்வொரு தட்டும் ஒரு செலவு. தொடுதிரையில் ஒரே இழுப்பில் பத்துப் பக்கம் தாண்டலாம், இங்கே பத்து முறை தட்ட வேண்டும். ஆகவே பட்டியலைச் சின்னதாக்குவதுதான் உண்மையான வேலை.

முதலில் விளையாட்டுப் பட்டியல். பனிச்சறுக்கு, படகு, கோல்ஃப் என்று என்னென்னவோ இருக்கும். நீங்கள் செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள், ஓட்டத்தை முதலிடத்துக்கு நகர்த்துங்கள். இப்போது ஸ்டார்ட், மறுபடி ஸ்டார்ட், அவ்வளவில் ஓட்டம் திறந்துவிடும். என் வாட்சில் மொத்தம் நான்கே இருக்கின்றன, ஐந்தாவது ஒன்று இதுவரை தேவைப்பட்டதில்லை.

அடுத்து, ஓட்டத்தின்போது தெரியும் பக்கங்கள். ஸ்டார்ட் தட்டி, ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அப்பைப் பிடித்தால் அந்த விளையாட்டுக்கான செட்டிங்ஸ் வரும். அதற்குள் டேட்டா ஸ்க்ரீன். இங்கேதான் எல்லோரும் பேராசைப்படுகிறார்கள். ஏழு பக்கம், ஒவ்வொன்றிலும் நாலைந்து எண் என்று வைத்துக்கொண்டு, ஓடும்போது வேகம் எந்தப் பக்கம் என்று டவுனைத் தட்டிக்கொண்டே ஓடுவார்கள். இரண்டு பக்கம் வையுங்கள். முதல் பக்கத்தில் மூன்று எண்: தூரம், இந்த லேப்பின் (ஓட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தால் அதில் ஒரு துண்டு) வேகம், இதயத்துடிப்பு. இரண்டாவதில் மொத்த நேரமும் கடிகார மணியும். இரண்டே பக்கம் என்றால் அப் தட்டினாலும் டவுன் தட்டினாலும் அடுத்த பக்கம்தான், தவறவே வழியில்லை. உடனடி வேகத்தை வைக்காதீர்கள், அது மரத்தடியிலும் மேம்பாலத்தடியிலும் தாவிக் குதிக்கும். லேப் வேகம் நிதானமாக இருக்கும்.

அதே இடத்தில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். ஆட்டோ லேப் ஒரு கிலோமீட்டருக்கு இருக்கட்டும், கிலோமீட்டருக்கு ஒரு அதிர்வு வரும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். லேப் கீ என்று ஒன்று இருக்கும், அது ஆனில் இருந்தால்தான் ஓடும்போது பேக் பட்டன் லேப் பதிவு செய்யும். டிராக்கில் 400 மீட்டர் இன்டர்வல் (வேகமாக ஒரு துண்டு, நடுவில் ஓய்வு, மறுபடி வேகம்) ஓடுகிறவர்கள் ஆட்டோ லேப்பை ஆஃப் செய்துவிட்டு லேப் கீயை வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் சேர்ந்தால் கணக்கு கந்தலாகிவிடும்.

கடைசியாக ஹாட் கீ. சிஸ்டம் என்ற இடத்துக்குள் இருக்கும். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே வைக்கலாம். எனக்கு ஒன்றே ஒன்று, டைமர். சோறு குக்கரில் இருக்கும்போதுகூட உதவுகிறது.

ஐந்தாவது படி: ஓட்டம், தொடக்கம் முதல் சேமிப்பு வரை

வெளியே வந்து, திறந்த வானம் தெரியும் இடத்தில் நின்று, ஸ்டார்ட் தட்டி ஓட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அதோடு ஓடத் தொடங்கிவிடாதீர்கள். ஜிபிஎஸ் அடையாளம் பச்சையாகும் வரை நில்லுங்கள். ஷூ லேஸைச் சரிசெய்யும் நேரம்தான் ஆகும். பச்சையானதும் மறுபடி ஸ்டார்ட். இந்த மூன்றாவது ஸ்டார்ட்டை மறந்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓடியவர்கள் எங்கள் குழுவிலேயே நான்கு பேர். ஜிபிஎஸ் கிடைத்த அதிர்வை ‘தொடங்கிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். கிளம்பிய பத்து விநாடியில் ஒருமுறை வாட்சைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள், எண் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஓடும்போது உங்களுக்கு வேண்டியது மூன்றே: பக்கம் மாற்ற டவுன், லேப் போட பேக், நிறுத்த ஸ்டார்ட். சிக்னலில் நின்றால் ஸ்டார்ட் தட்டி நிறுத்தலாம். ஆனால் திரும்பத் தட்ட மறப்பதுதான் வழக்கம் என்பதால் நான் தட்டுவதே இல்லை, நிற்கிற நேரமும் சேர்ந்தே ஓடட்டும்.

முடித்ததும் ஸ்டார்ட் தட்டினால் ஒரு பட்டியல் வரும். தொடர், சேமி, பிறகு தொடர், அழி என்ற மாதிரி. மூச்சு வாங்கிக்கொண்டு, கை நடுங்கிக்கொண்டு இருக்கும்போது இந்தப் பட்டியலில் விளையாடாதீர்கள். ‘அழி’ என்று தட்டினாலும் ஒருமுறை உறுதி கேட்கும், ஆனால் களைப்பில் அதற்கும் ‘ஆமாம்’ தட்டியவர்களை எனக்குத் தெரியும். நேரக்கணக்கு ஏற்கெனவே நின்றுவிட்டது, அவசரம் ஒன்றுமில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சேமியுங்கள். ‘பிறகு தொடர்’ நல்ல வசதி, நடுவில் டீ குடிக்கவோ மழைக்கு ஒதுங்கவோ வேண்டியிருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் டிரையத்லான்காரர்களுக்கு ஒரு வரி: பல விளையாட்டுகளைச் சேர்த்த முறையில் பேக் பட்டன்தான் நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாற்றும். ஒரு தட்டு கூடிப்போனால் அதற்கடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

ஆறாவது படி: விரலை எங்கே வைப்பது

எந்தக் கையேட்டிலும் நான் பார்க்காத விஷயம் இது. ஆட்காட்டி விரலால் வலப்பக்கம் மேலே இருக்கும் ஸ்டார்ட்டை அழுத்தும்போது வாட்ச் நகராமல் இருக்க எதிர்ப்பக்கம் கட்டைவிரலை முட்டுக்கொடுப்போம். அது போய் நேராக லைட் பட்டன் மேல் உட்காரும். இரண்டும் சேர்ந்து அழுந்தும், நாம் நினைத்தது நடக்காது. ‘பட்டன் சரியில்லை’ என்று நினைத்துக்கொள்வோம். கட்டைவிரலைப் பட்டன் மேல் வைக்காமல், பட்டை வாட்சோடு சேரும் மூலையில் வைத்துப் பழகுங்கள். மூன்று நாளில் கை தானாக அங்கே போகும்.

அடுத்தது, தானாக அழுந்துவது. இடக்கையில் கட்டினால் வலப்பக்கப் பட்டன்கள் புறங்கையைப் பார்த்து இருக்கும். தண்டால் எடுக்கும்போதோ சைக்கிள் ஹேண்டில்பாரில் சாயும்போதோ மணிக்கட்டு பின்னால் மடங்கி, புறங்கை போய்ப் பட்டனை அழுத்தும். வாட்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே ஏற்றிக் கட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், இதயத்துடிப்பும் அங்கே நன்றாகப் பிடிக்கும். அப்படியும் அழுந்தினால் லைட்டைப் பிடித்துக் கன்ட்ரோல் மெனுவில் பூட்டைப் போடுங்கள்.

தொடுதிரையும் இருக்கிற வாட்ச் என்றால்

265 மாதிரி இரண்டும் உள்ளதை வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் டச் என்ற இடத்துக்குப் போனால், சாதாரண நேரத்தில் வேண்டுமா, ஓட்டத்தின்போது வேண்டுமா, தூங்கும்போது வேண்டுமா என்று தனித்தனியாகக் கேட்கும். என் பரிந்துரை: சாதாரண நேரத்தில் ஆன், ஓடும்போதும் தூங்கும்போதும் ஆஃப்.

தொடுதிரையே குப்பை என்று சொல்ல வரவில்லை. வரைபடத்தை நகர்த்திப் பார்க்க வேண்டும் என்றால் பட்டனில் அது நரக வேதனை. மேலே போ, பக்கவாட்டில் போ, பெரிதாக்கு என்று ஒவ்வொன்றுக்கும் முறை மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். விரலால் இழுத்தால் ஒரு விநாடி. நீளமான வரைபடத்தை ஆராய்வதும், வந்த செய்தியைப் படிப்பதும், செட்டிங்ஸ் மாற்றுவதும் சோபாவில் உட்கார்ந்து செய்கிற வேலை, அதற்குத் திரைதான் சரி. கை காய்ந்திருக்கிறது, கண் சும்மா இருக்கிறது. ஓடும்போது இரண்டும் கிடையாது.

திருகு, வளையம், மற்றவை

கோரோஸ் வாட்ச்களில் ஐந்து பட்டனுக்குப் பதில் ஒரு திருகும், மாடலைப் பொறுத்து ஒன்றிரண்டு பட்டனும். திருகைச் சுற்றினால் பட்டியல் நகரும், அழுத்தினால் தேர்வு. நீளப் பட்டியலில் அது தட்டுவதைவிட வேகம், நான் ஒப்புக்கொள்கிறேன். வியர்வைக் கையில் சிலசமயம் வழுக்கும், ஒரு கிளிக் கூடுதலாகப் போகும். ஓட்டம் தொடங்கியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும், திறந்த பிறகுதான் மற்றது. புதிதாக வாங்கியவர்கள் இதைத்தான் பழுது என்று நினைக்கிறார்கள்.

ஆப்பிள் வாட்சில் ஓட்டத்தை நிறுத்தத் திரையைத் தேட வேண்டாம், திருகையும் பக்கத்துப் பட்டனையும் ஒன்றாக அழுத்தினால் நிற்கும், மறுபடி அழுத்தினால் தொடரும். பல வருடம் கட்டியும் இது தெரியாதவர்கள் இருக்கிறார்கள். வாட்டர் லாக் போட்டால் திரை தொடுதலைக் கேட்காது, நீச்சலுக்குத் தானாகவே விழும். அடைமழையில் ஓடும்போது நாமே போட்டுக்கொள்ளலாம், முடிந்ததும் திருகை அழுத்திப் பிடித்தால் திறக்கும். 2022-இல் வந்த அல்ட்ராவில் ஆரஞ்சு நிற ஆக்‌ஷன் பட்டன் ஒன்று கூடுதலாக வந்தது. பட்டனே வேண்டாம் என்று நினைத்த கம்பெனியும் ஓடுகிறவர்களுக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தது பாருங்கள்.

சாம்சங்கின் கிளாசிக் வகையில் திரையைச் சுற்றியுள்ள வளையமே சுழலும். கைக்கு அவ்வளவு சுகம், ஆனால் தேர்ந்தெடுக்கத் திரையைத் தட்டத்தான் வேண்டும்.

கம்பெனி மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கார்மினில் ஓடும்போது பேக் தட்டினால் லேப். போலார் வான்டேஜில் ஓடும்போது பேக் தட்டினால் ஓட்டம் நின்றுபோகும், அங்கே லேப் போட ஓகே பட்டன். மேலும் அதில் அப், ஓகே, டவுன் மூன்றும் வலப்பக்கம், லைட்டும் பேக்கும் இடப்பக்கம். பழைய கைப்பழக்கத்தோடு போட்டியில் இறங்கினால் லேப் என்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள். புது வாட்சோடு பதினைந்து நாளாவது ஓடிவிட்டுப் போட்டிக்குப் போங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் படித்தவர்களுக்குத் தெரியும், முதல் மாதம் முழுக்க ஏஎஸ்டிஎஃப் தான், கீழே பார்த்தால் அக்காவிடம் திட்டு விழும். இங்கேயும் அதேதான், ஆனால் ஐந்தே எழுத்து. பஸ்ஸிலோ டிவி முன்னாலோ உட்கார்ந்து, வாட்சைப் பார்க்காமல், ஓட்டத்தைத் திறந்து, தொடங்கி, இரண்டு லேப் போட்டு, பக்கம் மாற்றி, நிறுத்துங்கள். கடைசியில் மட்டும் கண்ணைத் திறந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒரு வாரம். சரியாக அழுந்தியதா என்பதை அதிர்வும் பீப்பும் சொல்லும், அவற்றை ஆஃப் செய்துவிடாதீர்கள்.

பட்டன் இறுகினால்

வியர்வை காய்ந்தால் உப்பு. அது பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கில் படிந்து, சில மாதத்தில் அழுத்தினால் ‘டிக்’ என்று வராமல் மொழுக்கென்று போகும். நம் கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே வரும். ஓடி வந்ததும் குழாயில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பட்டனைப் பலமுறை அழுத்தி அழுத்தி விடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், ஊசியால் நோண்டாதீர்கள், தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் உள்ளேதான் இருக்கிறது.

வாட்சே உறைந்து நின்றுவிட்டால் லைட்டை 15 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள், அணைந்துவிடும். பிறகு அதையே ஒரு விநாடி அழுத்தினால் உயிர் வரும். ஓட்டத்தின் நடுவே இதைச் செய்ய நேர்ந்தால் அன்றைய பதிவு தப்பிக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம், மணியை மட்டும் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வாருங்கள்.